மங்களம் பாடியாச்சு

பதினோரு வருஷம், பதினோரு ஆண்டு விழா, பதினோரு நாடகம். இதில் ஒன்றாவது, ஒரே ஒன்றாவது கடைசிப் பாட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று மரகதம் டீச்சரைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதானால் நாலடி தள்ளி நின்று கேளுங்கள். கையில் ஸ்கேல் இருக்கும்.

மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அவள்தான் பாட்டு டீச்சர். தினமும் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வகுப்புக்கு வாரம் ஒரு பீரியடு பாட்டு. அதையும் கணக்கு வாத்தியார் போர்ஷன் முடியவில்லை என்று பிடுங்கிக்கொள்வார். வருஷம் முழுக்க அவள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆண்டு விழா வந்தால் மட்டும், “டீச்சர், பாட்டோட ஒரு நாடகம் போட்ருங்க” என்பார்கள், ஏதோ தோசைக்கு மாவு கரைக்கிற மாதிரி. அவளும் ஒவ்வொரு வருஷமும் கதை எழுதி, பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தொண்டை கட்டக் கட்டச் சொல்லிக்கொடுத்து, கடைசியில்? கடைசி என்று ஒன்று வந்தால்தானே!

முதல் வருஷம் மழை. இரண்டாவது வருஷம் மைக்செட்காரன் ஒரு கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு போனான். ஒரு வருஷம் சிறப்பு விருந்தினர் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். அவர் பேச்சு முடிந்தபோது அரசவைக் காவலர்கள் இரண்டு பேர் ஈட்டியைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் போன வருஷம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும். அரசன் போர்க்களத்தில் செத்துக் கிடக்கிறான். பாக்கி ஒரே ஒரு பாட்டு. ஹெட்மாஸ்டர் நரசிம்மன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு. ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருக்கக்கூடாது என்பது அவர் சட்டம். ஆறே காலுக்குத் தாம்பரம் பஸ் என்பது சட்டத்துக்குப் பின்னால் இருந்த காரணம். “தேசிய கீதம்!” என்று கையைக் காட்டினார். நாட்டுப்பண் பாடுகிற பெண்கள் சட்டென்று ஆரம்பித்துவிட்டார்கள். செத்துக் கிடந்த அரசன் துள்ளி எழுந்து அட்டேன்ஷனில் நின்றான். அவனைக் கொன்றவன் பக்கத்திலேயே விறைத்துக்கொண்டு நின்றான். நாட்டுப்பண் பாடிவிட்டால் அதோடு விழா முடிந்தது, அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. சனம் சிரித்துக்கொண்டே கலைந்து போனது. திரைக்குப் பக்கத்தில், தாவணி மடிப்பைப் பிடித்தபடி, வாயைப் பாதி திறந்துகொண்டு ஒரு பெண் நின்றாள். அவள்தான் பிரவீனா.

இந்தப் பிரவீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடக்குப்பட்டுக்காரி. வகுப்பில் ஆஜர் சொன்னால் முதல் பெஞ்சுக்குக் கூடக் கேட்காது. ஏழாம் வகுப்பில் ஒரு நாள் மரகதம் எல்லாரையும் வரிசையாகப் பாடச் சொன்னபோது, இவள் முறை வந்ததும் வாயைத் திறந்தாள். மரகதம் ஆர்மோனியத்தின் துருத்தியை அமுக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது பிள்ளைகள் காட்டுக் கத்தல் கத்துகிற இடத்தில் இப்படி ஒரு குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஆத்திரமே வந்தது. அன்றைக்கே முடிவு செய்தாள், கடைசிப் பாட்டு இவளுக்குத்தான். நல்லதைக் கடைசியில் வைப்பதுதானே முறை? அந்த முறைப்படி ஏழாம் வகுப்பில் பிரவீனா பாடவில்லை, எட்டில் பாடவில்லை, ஒன்பதில் பாடவில்லை. ஒத்திகைக்கு வந்த பிள்ளைகளைத் தவிர அந்தக் குரலை ஒரு மனுஷர் கேட்டதில்லை.

இப்போது அவள் பத்தாம் வகுப்பு. இந்தப் பள்ளிக்கூடத்தில் பத்துக்கு மேல் கிடையாது.

1991ஆம் வருஷத்து நாடகத்துக்கு மரகதம் வைத்த பெயர் ‘மதகு காத்த மாதரசி’. ஏரிக்கரையைப் பழுது பார்க்காமல் காலம் கடத்துகிற ஓர் அரசன், மழையில் உடைகிற கரை, மதகுக் கதவைத் தாங்கிப் பிடித்து ஊரைக் காப்பாற்றுகிற ஒரு பெண். பன்னிரண்டு பாட்டு. கடைசிப் பாட்டு அந்தப் பெண் ஏரியை வாழ்த்துவது. எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது. ஒத்திகையிலும் கலங்கியது, அது வேறு காரணத்துக்காக.

அரசனாக நடித்த ஸ்ரீதர் நன்றாகப் பாடுவான் என்றுதான் பிடித்துப் போட்டாள். தை பிறந்ததும் பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டது. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் இரண்டாய் உடைந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போனது. மந்திரி அதற்கு மேல். “கரை உடைந்துவிட்டது மன்னா” என்று எழுதிக் கொடுத்தால், “கர ஒடைஞ்சிகீது மன்னா” என்பான்.

“ஏண்டா, மந்திரி அப்படிப் பேசுவானாடா?”

“ஒடைஞ்சா ஒடைஞ்சிகீதுன்னு தான டீச்சர் சொல்லணும்?”

“உடைந்துவிட்டதுன்னு சொல்லுடா!”

“சரி டீச்சர். மன்னா, கர உடைந்துவிட்டுகீது.”

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள். மேடைப் பொறுப்பு பி.டி. மாஸ்டர் கண்ணப்பனுக்கு. அவருக்கு விசில் அடிக்காமல் எதுவும் செய்ய வராது. திரை விலக ஒரு விசில், திரை மூட இரண்டு விசில். சோகக் காட்சியில் கூட அந்த விசில் வந்து விழும். விசில் கேட்டதும் பழக்கதோஷத்தில் காவலர்கள் கையை மடக்கி ஒன், டூ என்று நடையை மாற்றுவார்கள். “மாஸ்டர், இது டிரில் இல்ல!” என்று கரடியாய்க் கத்தியும் பிரயோஜனம் இல்லை.

சிறப்பு விருந்தினராக எம்.எல்.ஏ. வருவதாக இருந்தது. ஜனவரிக் கடைசியில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். எம்.எல்.ஏ.வே எம்.எல்.ஏ.வாக இல்லை. அடித்த அழைப்பிதழில் அவர் பெயர் மேல் காகிதம் ஒட்டி, கல்வி அதிகாரி என்று எழுத வேண்டி வந்தது. அந்த ஐந்நூறு காகிதத்தையும் ஒட்டியது யார்? பாட்டு டீச்சர்தான். அவள் ஒருத்திக்குத்தான் வேலை இல்லை என்று அங்கே எண்ணம்!

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பிரவீனாவின் அம்மா செல்லம்மாள் வந்தாள். கழனியிலிருந்து நேராக வந்திருந்தாள், கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. வகுப்புக்குள் வராமல் வாசப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

“டீச்சர், எம் பொண்ண நாடகத்துலேர்ந்து எடுத்துருங்க.”

மரகதத்துக்குப் பகீரென்றது. “என்னம்மா சொல்றே? யார் என்ன சொன்னா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. மூணு வருசமா நானு வேலய வுட்டுட்டு வந்து மண்ணுல குந்திகினு இருக்கறேன். இதோ பாடப்போறா, இதோ பாடப்போறான்னு பாக்கறேன். அதுக்குள்ள எல்லாரும் எழுந்து அட்டேன்சனு நிக்கிறீங்க. வூட்டுக்குப் போனா ராவெல்லாம் அது அழுவுது. வூட்ல பாடுடின்னா பாடாது, வெக்கம். நான் பெத்த பொண்ணு குரல நானே கேட்டதில்ல டீச்சர்.”

“இந்த வருஷம் கண்டிப்பா பாடுவா. நான் பொறுப்பு.”

“போன வருசமும் நீங்கதான பொறுப்பு?”

மரகதத்துக்குச் சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது. பதில் இல்லாத கேள்வி கேட்டால் யாருக்குத்தான் வராது?

செல்லம்மாள் போகத் திரும்பியவள் நின்றாள். “ஏன் டீச்சர், கடேசிலதான் பாடணுமா? மொதல்லயே பாட வெச்சுட்டா இன்னா?”

“அது எப்படிம்மா? கதை முடிஞ்சாத்தானே அந்தப் பாட்டு! கரை உடையறதுக்கு முன்னாடியே ஏரி பொழைச்சுதுன்னு எப்படிப் பாடறது? இதுகூடத் தெரியாம…”

“எனுக்கு இன்னா தெரியும்? மொதல்ல பாடினா கேட்டுக்கலாமேன்னு சொன்னேன்” என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் மரகதத்துக்கு நிம்மதி இல்லை. கதை என்றால் என்ன, முடிவு என்றால் என்ன என்று தெரியாத ஒருத்தி வந்து நாடகம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று படப்பை வரைக்கும் பொருமினாள். முடிச்சூர் தாண்டும்போது பொருமல் வேறு பக்கம் திரும்பியது. பதினோரு வருஷமாகப் படித்தவள்தானே எழுதினாள்? ஒரு முடிவாவது மேடை ஏறியதா? தாம்பரத்தில் இறங்கும்போது, ‘சரி, அந்தம்மா சொன்னதுதான் சரி, நாசமாய்ப் போகட்டும்’ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. முதலில் ஏரிக்கரையில் ஒரு பெண் நின்று பாடுகிறாள். பிறகு, இந்த ஏரி எப்படிப் பிழைத்தது தெரியுமா என்று கதை ஆரம்பிக்கிறது. கெட்டா போய்விடும்?

மறுநாள் பிரவீனாவைக் கூப்பிட்டு, “உன் பாட்டுதான் முதல்” என்றாள். அந்தப் பெண் தலையை ஆட்டியது. நம்பவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது.

மரகதம் அதோடு விடவில்லை. நாட்டுப்பண் பாடுகிற ஐந்து பெண்களையும் நிற்க வைத்தாள். அவர்களுக்குத் தலைவி ஷாரோன், சர்ச்சில் பாடிப் பழகியவள், சொன்னால் சொன்னபடி செய்கிறவள். “கேட்டுக்கோங்கடி. ஹெட்மாஸ்டர் வந்து கையைக் காட்டினாலும் சரி, கலெக்டரே வந்து காட்டினாலும் சரி, எவளும் வாயைத் தொறக்கக்கூடாது. நான் மேடைக்கு வந்து ரெண்டு கையையும் மேல தூக்கினாத்தான் பாடணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்.”

இதை மட்டும் பத்து தடவை ஒத்திகை பார்த்தாள். கையைத் தூக்குவாள், ஐந்து பேரும் ஒரே மூச்சில் ஆரம்பிப்பார்கள். பன்னிரண்டு பாட்டில் ஒன்றுகூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

விழா நாள் வந்தது. மூன்று மணிக்கு என்று போட்டிருந்தது. கல்வி அதிகாரி நாலு மணிக்கு வந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பாண்டுரங்கன் அவருக்கு மாலை போட்டுவிட்டு, முன் வரிசை நடு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். வடக்குப்பட்டு ஏரிக்குக் கீழே பாதிக் கழனி அவருடையது. செல்லம்மாள் உட்பட அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேர் அவரிடம்தான் வேலைக்குப் போனார்கள். கல்வி அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வரும்போது கூட அவர் உட்கார்ந்தபடியேதான் கையைக் கொடுத்தார். எழுந்து நிற்பது அவருக்குப் பழக்கமில்லை.

ஹெட்மாஸ்டர் அறிக்கை வாசித்தார். அதிகாரி பேசினார். பாண்டுரங்கன் பேசினார். பரிசு வழங்கினார்கள், எவர்சில்வர் டம்ளரும் சோப்பு டப்பாவுமாக, சாக்கு ஓட்டத்தில் மூன்றாவது வந்தவன் வரைக்கும். திரைக்குப் பின்னால் ஸ்ரீதருக்கு ஒட்டிய மீசை வியர்வையில் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. மந்திரி கிரீடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். அம்பத்தூர் கம்பெனியில் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்த ஸ்ரீதரின் அப்பா இரண்டு தடவை உள்ளே தலையை நீட்டி, “டீச்சர், எப்ப ஆரம்பிப்பீங்க? நைட் ஷிஃப்டுக்குப் போவணும்” என்றார்.

“என்னைக் கேட்டா? அந்த டப்பாவைக் குடுக்கறவங்களைக் கேளுங்க!”

ஐந்தேகாலுக்கு நரசிம்மன் வந்தார். “டீச்சர், நாடகத்தை ஆரம்பிக்கலாம். ஆனா ஆறு மணி. ஞாபகம் இருக்கட்டும்.”

முக்கால் மணி நேரத்தில் பன்னிரண்டு பாட்டு. மற்ற வருஷமாக இருந்தால் மரகதம் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இந்தத் தடவை, “ஆகட்டும் சார்” என்று சிரித்தாள். சிரிப்பைப் பார்த்து நரசிம்மனே கொஞ்சம் பயந்துவிட்டார்.

கண்ணப்பன் விசில் அடித்தார். திரை விலகியது. நீலப் பாவாடையில் பிரவீனா நடுவில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏரிக்கரை வேலைக்காரிகளாக ஷாரோனும் மற்ற நாலு பேரும். கூட்டத்தில் கடைசியில், மண்ணில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே செல்லம்மாளின் முகம் தெரிந்தது. மரகதம் மேடைக்குக் கீழே ஆர்மோனியத்தில் சுருதியைப் பிடித்தாள்.

பிரவீனா பாடினாள்.

“வாழி ஏரி, வாழியவே,
வரப்பும் மடையும் வாழியவே…”

முதல் வரி முடிவதற்குள் முன்னால் உட்கார்ந்திருந்த சுப்பன் எழுந்தார். பஜனைக் கோஷ்டியில் முப்பது வருஷமாகத் தாளம் போடுகிற கிழவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கண்ணை மூடினார். அவருக்குப் பின்னால் இருந்த வரிசை எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. பெண்கள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தார்கள்.

இவர்கள் ஏன் எழுந்திருக்கிறார்கள் என்று மரகதத்துக்கு முதலில் விளங்கவில்லை. மழையா என்று அண்ணாந்து பார்த்தாள். பிறகுதான் உறைத்தது. அட கடவுளே! மத்தியமாவதி!

கடைசிப் பாட்டு என்பதால் கச்சேரி முடிக்கிற ராகத்தில், மத்தியமாவதியில் மெட்டுப் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்து ஊர்களில் கூத்தானாலும் மார்கழி பஜனையானாலும் மங்களத்தை அந்தச் சாயலில்தான் பாடி முடிப்பார்கள். அதுவும் ‘வாழி’ என்றுதான் தொடங்குவார்கள். காதில் விழுந்தால் போதும், உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து கைகூப்புவார். மங்களம் முடிகிறவரைக்கும் பேசமாட்டார், நகரமாட்டார். முடிந்ததும் ஒரு நிமிஷம் நிற்கமாட்டார். பாட்டை முதலுக்கு மாற்றினாளே, மெட்டை மாற்றினாளா? புத்தியைக் கொண்டுபோய் எங்கே வைத்தாள்?

மொத்தக் கூட்டமும் நின்றது. கல்வி அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எழுந்து கைகூப்பினார். பாண்டுரங்கன் எழுந்தார். அந்த மனுஷர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்க்கிற நரசிம்மனும் கைகூப்பி நின்றார். கூப்பிய கையில் கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை.

பிரவீனா பயந்துபோய்க் கீழே பார்த்தாள். குரல் ஒரு கணம் தடுமாறியது. மரகதம் ஆர்மோனியத்துக்கு மேலே முகத்தைத் தூக்கிக் கண்ணை உருட்டினாள். பாடு, நிறுத்தினால் தொலைத்துவிடுவேன் என்று அதற்கு அர்த்தம். நாலு வருஷம் பழகிய கண். பிரவீனா வானத்தைப் பார்த்துக்கொண்டு பாடினாள்.

என்ன குரல் அது! அனுபல்லவியில் ஏறி, சரணத்தில் இறங்கி, மறுபடி ஏறியது. வேர்க்கடலை விற்கிறவன் தட்டுவதை நிறுத்திவிட்டான். கைக்குழந்தை கூட அழவில்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு விசில் இல்லை. பதினோரு வருஷத்தில் அந்தக் கூட்டம் வாயை மூடிக்கொண்டு ஒரு பாட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மரகதத்துக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஐயோ, இது முடிந்ததும் போய்விடுவார்களே, பின்னால் பதினோரு பாட்டு இருக்கிறதே, இவர்களை எப்படி உட்கார வைப்பது!

கடைசி ‘வாழியவே’ முடிந்தது. பிரவீனா தலை குனிந்தாள். கூட்டத்தில் துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. பாயைச் சுருட்டினார்கள்.

மரகதம் ஆர்மோனியத்தைத் தள்ளிவிட்டு மேடைமேல் தாவி ஏறினாள். மைக் இரண்டடி தள்ளி இருந்தது. அதைப் பிடிக்கக் கூட நேரம் இல்லை. “உட்காருங்க! எல்லாரும் உட்காருங்க! இன்னும் முடியலை!” என்று இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினாள்.

இரண்டு கையையும்.

ஷாரோன் பார்த்தாள். டீச்சர் மேடையில் நிற்கிறார், இரண்டு கையும் மேலே. சொன்னால் சொன்னபடி செய்கிற பெண். ஐந்து பேரும் ஒரே மூச்சில், ஒரே சுருதியில், பிசிறே இல்லாமல் நாட்டுப்பண்ணை ஆரம்பித்தார்கள்.

மரகதத்தின் கை தானாகக் கீழே இறங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. வேறு என்ன செய்ய முடியும்? அட்டேன்ஷனில் நின்றாள். திரைக்குப் பின்னால் தொங்குமீசையோடு அரசன் நின்றான், நசுங்கிய கிரீடத்தோடு மந்திரி நின்றான், மேடையில் கால் வைக்காத காவலர்கள் ஈட்டியோடு நின்றார்கள். ஐம்பத்திரண்டு வினாடி. வாயைத் திறந்து, “அடியே, நிறுத்துங்கடி!” என்று கத்த முடியாத ஐம்பத்திரண்டு வினாடி. அதைவிட நீளமான நேரத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

முடிந்ததும் கண்ணப்பன் ஒரு விசில் அடித்து, “டிஸ்பர்ஸ்!” என்றார்.

போயிற்று. எல்லாம் போயிற்று. கல்வி அதிகாரி நரசிம்மனின் கையைக் குலுக்கி, “பிரமாதம் சார். ஒரே பாட்டு, நறுக்குன்னு முடிச்சிட்டீங்க. மத்த ஸ்கூல்ல உயிரை வாங்கிடுவாங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நாலைந்து பொடிசுகள் மேடையருகே வரிசையாக நின்றுகொண்டு, “டீச்சர், சுண்டல் குடுப்பீங்களா?” என்றன. மங்களம் பாடினால் சுண்டல் உண்டு என்பது அவர்கள் கணக்கு.

“சார், திரும்ப ஆரம்பிக்கலாம் சார். மணி அஞ்சரைகூட ஆகலை!” என்று மரகதம் ஹெட்மாஸ்டரிடம் ஓடினாள்.

“என்ன டீச்சர் பேசறீங்க? மங்களம் பாடியாச்சு, தேசிய கீதமும் பாடியாச்சு. அதுவும் நீங்களே கையைத் தூக்கிப் பாட வெச்சிருக்கீங்க. அதுக்கு மேல நாடகமா?” அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே ஸ்ரீதர் சிம்மாசனத்தில், அதாவது புடவை போர்த்திய ஹெட்மாஸ்டர் நாற்காலியில், உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். மீசை நழுவிக் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவன் அப்பா, “ஷிஃப்ட மாத்திகினு வந்தேன் டீச்சர், இவன் ஒரு வார்த்த பேசலயே” என்றார்.

“திங்கக்கிழமை ப்ரேயர்ல போட்டுடலாம்டா” என்றாள் மரகதம். அவன் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை.

அப்போதுதான் செல்லம்மாள் மேடைக்குப் பின்பக்கமாக வந்தாள். அவளைப் பார்த்ததும் மரகதத்தின் ஆத்திரம் முழுவதும் ஒரு இடம் கிடைத்து இறங்கியது.

“வா, வா. உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்! முதல்ல பாடட்டும், முதல்ல பாடட்டும்னியே, பாடினா! என்ன ஆச்சு பார்த்தியா? பதினோரு பாட்டு போச்சு. இருபது புள்ளைங்க மூஞ்சில சாயத்தைப் பூசிக்கிட்டு நிக்குதுங்க. ரெண்டு மாசம் தொண்டை கிழியச் சொல்லிக் குடுத்தேன்!”

செல்லம்மாள் திட்டுவதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கண் எல்லாம் நீர். “முச்சூடும் கேட்டேன் டீச்சர்” என்றாள்.

“கேட்டே இல்ல? சந்தோஷம். போ.”

அவள் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “முன்னாடி சேர்ல குந்தினு இருந்தாரே எங்க கழனிக்காரரு, அவர பாத்தீங்களா?” என்றாள்.

“பாண்டுரங்கனா? அவருக்கென்ன?”

“அவரு வரப்புல வந்தா நாங்க நாத்த வுட்டுட்டு நிமிந்து, ஒதுங்கி நிக்கணும். எங்க மாமியா காலத்துலேர்ந்து அப்டித்தான். எம் பொண்ணும் ஸ்கூல் லீவுல வந்தா நிக்கும். இன்னிக்கி அது பாடி முடிக்கிற வரைக்கும் அவரு துண்ட இடுப்புல கட்டிகினு நின்னாரு டீச்சர்.”

மரகதம் வாத்தியார் புத்தி போகாமல் சொன்னாள், “அது மங்களம்னு நினைச்சு நின்னாரும்மா.”

“எனுக்குத் தெரியாதா? நானும்தான் மங்களம்னு எழுந்து நின்னேன். ஆனா நின்னாரு இல்ல?”

நீலப் பாவாடையோடு பிரவீனா அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தாள். ஸ்ரீதர் அழுகிற பக்கம் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

“சாரி டீச்சர்” என்றாள், ஆஜர் சொல்கிற அதே குரலில். “என்னால எல்லாரு பாட்டும் போச்சு.”

“சாரியா? யார்கிட்டடி சாரி சொல்றே? இன்னொரு தடவை சாரி கீரின்னு வாயைத் தொறந்தே, பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன்!” என்று மரகதம் கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. சுண்டலுக்கு நின்ற பொடிசுகள் பயந்து ஓடிப்போயின.

செல்லம்மாள் முந்தானையை எடுத்து டீச்சரின் முகத்துக்குக் கொண்டுபோனாள். பாதியில், தான் யார் முகத்தைத் துடைக்கப் போகிறோம் என்று நினைத்தவள்போலக் கையை நிறுத்திக்கொண்டாள். மரகதம் அந்த முந்தானையைப் பிடுங்கி, கண்ணையும் மூக்கையும் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.